சக்கர நாற்காலியோடு பிள்ளை ஏறக்கூடிய வாகனம்: யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்கு நான்கு, ஐந்து வயதாக இருக்கும்வரை வாகனம் எங்கள் வீடுகளில் பெரிய கேள்வியாக எழுவதில்லை. தாய் பிள்ளையை இடுப்பில் ஏந்திக்கொண்டு ஓட்டோவில் ஏறுவார். தகப்பன் சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் செருகுவார். போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அப்படியே போய் வந்துவிடலாம். பத்து, பதினொரு வயதில் நிலைமை மாறுகிறது. பிள்ளையின் நிறை முப்பது கிலோவைத் தாண்டுகிறது, கால்கள் நீளுகின்றன, தசை இறுக்கம் கூடுகிறது, தூக்குகிறவரின் நாரி பிடிக்கத் தொடங்குகிறது. அதன் பின் பயணங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன: முதலில் கோயில், பிறகு உறவினர் வீடு, பிறகு பள்ளிக்கூடம், கடைசியில் கிளினிக்கும். என் மகனுக்குப் பெருமூளை வாதம். அவனுக்குப் பன்னிரண்டு வயதான வருடத்தில், எங்கள் வீட்டிலும் இதே வரிசையில் இதுவே நடந்தது.

வாகனம் தேடத் தொடங்குகிற எல்லோரும் எந்த வானை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்; அதனால் ஏறத்தாழ ஒரு வருடத்தையும் கணிசமான பணத்தையும் இழந்தோம். பிள்ளையின் உடல், அது அமரும் நாற்காலி, வீட்டுக்கு வரும் ஒழுங்கை ஆகிய மூன்றையும் அளந்த பின்னரே வானின் பெயர் பேச்சுக்கு வர வேண்டும். வான் கிடைத்த பின்னர், பிள்ளையை உள்ளே ஏற்றுவது எப்படி என்பதில் காட்டும் அக்கறையைவிட, ஏற்றிய நாற்காலி ஓடும் வாகனத்துக்குள் அசையாமல் இருப்பது எப்படி என்பதில் இரு மடங்கு அக்கறை காட்ட வேண்டும். இந்த இரண்டாவது விடயத்தைப் பற்றி எங்களுக்கு எவரும் தொடக்கத்தில் சொல்லவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நாற்காலியிலேயே பயணமா, இருக்கைக்கு மாற்றுவதா

வாகனத்தில் செல்லும் எவருக்கும் மிகவும் பாதுகாப்பான இடம் அந்த வாகனத்தின் சொந்த இருக்கைதான். மோதலைத் தாங்குவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டு, வாகனத்தின் உடலோடு இறுக்கப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலி வீட்டுக்குள்ளும் வீதியிலும் உருள்வதற்காகச் செய்யப்பட்டது. ஆகவே, இருக்கைப் பட்டியின் துணையோடும், வேண்டுமானால் ஒரு தலையணை அல்லது மார்புப் பட்டியின் துணையோடும் பிள்ளை சாதாரண இருக்கையில் நிமிர்ந்து அமர முடியுமென்றால், பிள்ளையை இருக்கைக்கு மாற்றிவிட்டு, வெறும் நாற்காலியைப் பின்னால் கட்டி வைப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சிறப்பு வான் தேவையில்லை. கதவு அகலமாகத் திறக்கும், இருக்கை தாழ்வாக உள்ள ஒரு சாதாரணக் கார் போதும்.

கழுத்தைத் தானாக நிறுத்த முடியாத பிள்ளை, முதுகெலும்பு வளைந்ததால் உடலுக்கேற்ப வார்க்கப்பட்ட இருக்கையில் மட்டும் அமரக்கூடிய பிள்ளை, தசைநார் சிதைவால் தோள்பட்டை தளர்ந்து கைகளுக்கடியில் பிடித்துத் தூக்கினால் நழுவும் பிள்ளை ஆகியோருக்கு இது பொருந்தாது. தூக்குகிறவரின் உடலையும் கணக்கில் எடுங்கள். ஒரு கிளினிக் பயணத்தில் நாற்காலியிலிருந்து இருக்கைக்கும் இருக்கையிலிருந்து நாற்காலிக்கும் போகும்போது இரண்டு தடவை, வரும்போது இரண்டு தடவை என்று நான்கு முறை தூக்க வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து கிலோ நிறையை, குனிந்த முதுகோடு, கதவு நிலைக்குள் உடலைத் திருப்பியபடி நான்கு முறை தூக்குவது எந்தத் தாயின் நாரிக்கும் ஏற்றதல்ல. தாயின் நாரி கெட்டுவிட்டால் பிள்ளையை வீட்டுக்குள் பராமரிப்பதே கேள்விக்குள்ளாகும் என்பதால், இதை வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இந்தத் தீர்மானத்தை வீட்டில் தனியே எடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்கும் இயன்மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ, அடுத்த கிளினிக் நாளில், இந்தப் பிள்ளை வாகனத்தில் நாற்காலியிலேயே பயணம் செய்யலாமா, தலைக்குத் தாங்கல் வேண்டுமா, எவ்வளவு நேரம் தொடர்ந்து அமரலாம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலி சம்பந்தமான ஆலோசனைக்கு யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனத்தையும் அணுகலாம். நன்கொடையாகக் கிடைக்கும் நாற்காலிகளில் பல, வைத்தியசாலை நடைபாதையில் தள்ளிச் செல்வதற்கான எளிய மடிப்பு நாற்காலிகள். மோதலில் அவற்றின் சட்டம் மடிந்துவிடக்கூடும். வாகனத்தில் இருக்கையாகப் பயன்படுத்தத் தக்க நாற்காலிக்கு ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அந்தத் தரத்துக்கமையச் செய்யப்பட்ட நாற்காலியின் சட்டத்தில் பட்டிகளைக் கொளுவும் நான்கு இடங்கள் கொக்கி அடையாளத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். புதிய நாற்காலி வாங்கித் தருவதாக உறவினர் எவராவது கேட்டால், முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல வானுக்குள் வலுவற்ற நாற்காலியைப் பிணைப்பதில் அதிக பயனில்லை.

அளவு நாடாவோடு ஒரு நாள்

ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி, பிள்ளை வழமையான சப்பாத்தோடும் தலைத்தாங்கலோடும் நாற்காலியில் இருக்கும்போது அளவெடுங்கள். நிலத்திலிருந்து உச்சந்தலை வரையான உயரம், இரு பக்கத்துச் சக்கரங்களிலும் கையால் உருட்டும் வளையங்களின் வெளி விளிம்புகளுக்கிடையே உள்ள அகலம், பின்சக்கரத்தின் பின்விளிம்பிலிருந்து கால் பெருவிரல் நுனி வரையான நீளம் ஆகிய மூன்றும் வேண்டும். தசை இறுக்கம் வரும்போது பிள்ளை பின்னோக்கி விறைத்து உயர்கிறதென்றால், அந்த உயரத்தையே எடுக்க வேண்டும். சாய்க்கக்கூடிய நாற்காலி என்றால் சாய்த்த நிலையில் நீளம் எவ்வளவு கூடுகிறதென்றும் பாருங்கள். நிறையை அறிவதற்குச் சங்கக்கடையிலோ அரிசி ஆலையிலோ மூடை நிறுக்கும் தட்டுத்தராசில் நாற்காலியைப் பிள்ளையோடு உருட்டி ஏற்றினால் போதும். நாற்காலி ஏறும் சாய்தளம், அதைக் கட்டும் பட்டி, பட்டியை வானின் தளத்தோடு பிணைக்கும் வளையம் எல்லாவற்றுக்குமான கணக்கு இந்த ஒரு எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

இன்றைய அளவு மட்டும் போதாது. வாங்கும் வான் எட்டு, பத்து வருடம் வீட்டில் நிற்கப்போகிறது. அதற்குள் பிள்ளை வளர்ந்து பெரியவராகிவிடும். நாங்கள் செய்த ஒரு எளிய காரியத்தைப் பரிந்துரைக்கிறேன்: பிள்ளையை இறக்கிவிட்டு, என் கணவரை அதே நாற்காலியில் அமர்த்தி உயரத்தை அளந்தோம். வளர்ந்த ஒருவர் நாற்காலியில் அமரும்போது உச்சந்தலை பொதுவாக 130 முதல் 140 செ.மீ. உயரத்தில் இருக்கும். வானின் கதவு வாசல் அந்த உயரத்துக்கு மேலிருக்க வேண்டும். இங்கே பலர் தவறுவது, உள்கூரையின் உயரத்தை அளந்துவிட்டு வாசலின் உயரத்தை விட்டுவிடுவதில்தான். வாசலின் மேல்விளிம்பு கூரையைவிடத் தாழ்வாகவே இருக்கும். சாய்தளத்தில் ஏறும்போது நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், தலையும் தலைத்தாங்கலும் அந்த விளிம்பைக் கடக்கும் கணத்தில் இடைவெளி இன்னும் குறையும். பத்து செ.மீ. மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒழுங்கை. எங்கள் ஊர்களின் ஒழுங்கைகள் வேலிக்கும் மதிலுக்கும் இடையே ஒரு வான் உரசாமல் போகும் அகலத்தில் அமைந்தவை. பக்கக் கதவால் சாய்தளம் விரிக்கும் வானை அங்கே நிறுத்தினால், விரிக்க இடமிராது. பின்கதவு வான் ஒழுங்கையில் நின்றாலும் விரிக்கலாம். ஆனால் பின்னால் இன்னொரு வாகனம் வந்தால், பாதி ஏறிய நாற்காலியோடு நடுவழியில் நிற்க நேரிடும். ஆகவே பின்கதவு வானை முற்றத்துக்குள் எடுத்து நிறுத்தியே ஏற்ற வேண்டும். வானின் நீளம் நாலரை மீற்றர், சாய்தளம் இரண்டரை, நாற்காலியையும் தள்ளுகிறவரையும் திருப்ப ஒன்றரை என்றால், படலையிலிருந்து முற்றத்தின் எல்லை வரை எட்டரை மீற்றர் தேவை. இதை ஒரு கயிற்றால் அளந்து பார்த்துவிட்டு, படலையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்து மண் இளகி, சாய்தளத்தின் நுனி புதைந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் மட்டுமாவது சீமெந்துத் தளம் போடுவது நல்லது.

சீமெந்து போடுவதென்று தீர்மானித்தால், அதைச் சற்று உயர்த்தியே போடுங்கள். 60 செ.மீ. உயரத் தளமுள்ள வானுக்கு முன்னால் 25 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை இருந்தால், சாய்தளம் ஏற வேண்டிய உயரம் 35 செ.மீ. ஆகக் குறைகிறது. மேடைக்கு ஏறும் சரிவை, உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற கணக்கில், மூன்று மீற்றர் நீளத்துக்குப் போட வேண்டும். வீட்டில் நாளாந்தம் ஒருவர் தனியே பிள்ளையை ஏற்றி இறக்குவதற்கு இதைவிட மலிவான உதவி இல்லை.

எந்த வாகனம்

ஓட்டோவின் பின்பகுதியை வெட்டி, சாய்தளம் வைத்து, நாற்காலியை அப்படியே ஏற்றும்படி மாற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. நான் இதை ஆதரிக்கமாட்டேன். மெல்லிய குழாயும் தகடும் கொண்ட அதன் உடலில், பிள்ளையும் நாற்காலியும் சேர்ந்த நிறையை மோதலின்போது தாங்கக்கூடிய பிணைப்புப் புள்ளி எதுவும் இல்லை. பிள்ளையை இருக்கைக்கு மாற்றக்கூடிய குடும்பங்கள் குறுந்தூரத்துக்கு ஓட்டோவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். நாற்காலியோடு ஏற்றுவதற்கு அது உரியதல்ல.

ஜப்பானில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்படும் வாகனங்கள் உண்டு. டொயோட்டா நிறுவனம் அவற்றை வெல்கேப் என்ற பெயரில் விற்கிறது. சுசுகி எவ்ரி, டைஹட்சு ஹைஜெட் போன்ற சிறிய வான்களிலும் பின்பக்கச் சாய்தளம் உள்ள வகைகள் இருக்கின்றன. எங்களைப் போலவே அங்கும் இடப்பக்கமாக ஓட்டுவதால், ஸ்டியரிங் வலப்பக்கத்தில் இருக்கும். பின்தளம் தாழ்த்தப்பட்டிருப்பதால் சாய்தளம் குறுகியதாகவும் ஏற்றம் மென்மையாகவும் இருக்கிறது. பலவற்றில் நாற்காலியை மேலே இழுக்கும் மின்சார வின்ச்சும் தளத்திலேயே பிணைப்பு வளையங்களும் இருக்கும். இப்படிப்பட்ட ஒன்று பாவித்த வாகனச் சந்தையில் விற்பனைக்கு வருமானால் முதலில் அதையே போய்ப் பாருங்கள். ஆனால் முந்திய உரிமையாளர் சாய்தளத்தையும் பட்டிகளையும் கழற்றிவிட்டுச் சாதாரண இருக்கை போட்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். எவ்ரி, ஹைஜெட் போன்றவை கெய் எனப்படும் ஜப்பானியச் சிறு வாகன வகைக்குரியவை; அந்த வகையின் அகல எல்லை 1.48 மீற்றர், நீள எல்லை 3.4 மீற்றர். ஒழுங்கைக்கு இது வரப்பிரசாதம். ஆனால் நீண்டு சாயும் நாற்காலிக்கும் அருகில் அமரும் தாய்க்கும் உள்ளே இடம் நெருக்கடியாக இருக்கும். உங்கள் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியையும் கூடவே எடுத்துச் சென்று, ஏற்றிப் பார்த்த பின்னரே பேரம் பேசுங்கள்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. வரிச்சுமை பெரிது என்பதால், புதிதாகத் தருவிப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத காரியமாகவே இருக்கிறது. ஆகவே எங்கள் ஊரில் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது, எல்லோருக்கும் தெரிந்த உயர்கூரை டொல்பின் வானோ அதையொத்த இன்னொரு ஹையேஸோதான். அதில் குறையென்று சொல்வதற்கு அதிகமில்லை: கூரை உயரம், பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் மழைக்கு மறைப்பு, உதிரிப்பாகம் எங்கும் கிடைப்பது, பழுது பார்க்கத் தெரிந்த கராஜ்காரர் ஒவ்வொரு சந்தியிலும் இருப்பது. குறை என்றால் தளத்தின் உயரந்தான். அந்த உயரத்தைக் குறைப்பதற்காகத் தளத்தை வெட்டித் தாழ்த்தித் தருவதாக ஒரு பட்டறை முன்வந்தால், ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த வான்களுக்கு லொறியைப் போலத் தனிச் சட்டம் இல்லை. தளமும் சுவரும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்தே வாகனத்தின் பலம். தளத்தை வெட்டினால் பலம் போய்விடும்.

வெளிநாட்டிலுள்ள உறவுகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கனடாவில் பாவித்த, சாய்தளம் உள்ள வான் ஒன்றை அனுப்பலாமா என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்கிறது. அந்த யோசனையை நன்றியோடு கைவிடச் சொல்லுங்கள். அதே அன்பை, பரிசோதிக்கப்பட்ட நாற்காலிப் பிணைப்புப் பட்டித் தொகுதி ஒன்றுக்கும், மடிக்கக்கூடிய அலுமினியச் சாய்தளத்துக்கும் திருப்பிவிடுங்கள். பட்டித் தொகுதி ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்கும். வானைவிட அதிகமாகப் பிள்ளையின் உயிரைக் காக்கும் பொருளும் அதுதான்.

வாங்கவே இயலாத குடும்பத்துக்கும் வழி இருக்கிறது. கிளினிக்குக்கு எப்போதும் பிடிக்கும் வான்காரர் ஒருவரிடம் பேசி, அவருடைய வானில் நான்கு வளையங்களைப் பொருத்த அனுமதி பெற்று, சாய்தளத்தையும் பட்டிகளையும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதே பகுதியில் இன்னும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் செலவு மூன்றாகப் பிரியும். வான்காரருக்கும் நிலையான ஓட்டம் கிடைக்கும்.

சாய்தளம்

கட்டடங்களுக்குச் சொல்லப்படும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு வாகனத்துக்குச் சாத்தியமில்லை. தள்ளிச் செல்ல ஒருவர் இருக்கும்போது ஒன்றுக்கு ஆறு நல்லது. ஒன்றுக்கு நான்கைவிடச் செங்குத்தாக ஒருபோதும் வைக்க வேண்டாம். 60 செ.மீ. உயரத் தளத்துக்கு முதலாவது கணக்கில் 360 செ.மீ., இரண்டாவதில் 240 செ.மீ. நீளம் வரும். நாற்பது கிலோ பிள்ளையும் இருபது கிலோ நாற்காலியும் சேர்ந்த அறுபது கிலோவை ஒன்றுக்கு நான்கில் தள்ளும்போது ஏறத்தாழ பதினைந்து கிலோவும், ஒன்றுக்கு ஆறில் பத்து கிலோவும் உங்கள் கைகளில் நிற்கும். பத்து கிலோவை ஒரு தாய் சமாளிப்பார். பதினைந்துக்கு இன்னொருவர் உதவி வேண்டும்.

இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக வைக்கும் இரட்டைத் தண்டவாளச் சாய்தளம் மலிவானது, ஆனால் அதன் நடுவே நடந்து தள்ள முடியாது. முன்சிறுசக்கரம் நழுவினால் நாற்காலி கவிழும். 75 முதல் 80 செ.மீ. அகலமுள்ள முழுத்தளமே வேண்டும். இருபக்கமும் ஐந்து செ.மீ. உயர விளிம்பு, மேலே சொரசொரப்பான பரப்பு, வானின் தளத்தோடு கொளுவிப் பூட்டும் ஊசி ஆகிய மூன்றும் இல்லாத சாய்தளத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஊசியில்லாத சாய்தளம், நாற்காலி மேல்நுனியை அடையும்போது பின்னோக்கித் தள்ளப்பட்டு விழும். உள்ளூரில் இரும்பில் செய்விப்பதென்றால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் சலித்த மணலைத் தூவச் சொல்லுங்கள், மழையில் வழுக்காது. ஏற்றும்போது பிள்ளையின் முகம் வானை நோக்கியிருக்க, நீங்கள் பின்னால் நின்று தள்ள வேண்டும். இறக்கும்போது நாற்காலியைத் திருப்பாமல், நீங்கள் கீழே நின்று தாங்கியபடி பின்னோக்கியே இறக்க வேண்டும்.

மின்சாரத் தூக்கி உள்ள வானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், அது பெரிய நாற்காலிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் அருமையான வசதி. ஆனால் எங்கள் கடற்காற்று இரும்பை விரைவில் துருவாக்குகிறது, பற்றரி இறங்கினால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். கையால் இறக்கும் அமைப்பு வேலை செய்கிறதா என்பதை வாங்கும் முன் இயக்கிப் பாருங்கள்.

நாற்காலியைப் பிணைத்தல்

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியின் பிரேக்கை இறுக்கி, ஒரு கயிற்றாலோ பழைய ரியூப் றப்பராலோ கட்டிவிட்டு, ஒருவர் பிடித்துக்கொண்டு போவதையே எங்கும் காண்கிறோம். நாற்காலிகளும் பட்டிகளும் பரிசோதிக்கப்படும் மோதல், மணிக்கு 48 கிலோமீற்றர் வேகத்தில் நிகழ்வது. அதில் உடல்மீது வரும் விசை அதன் நிறையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. அறுபது கிலோ நாற்காலியும் பிள்ளையும் அந்தக் கணத்தில் ஆயிரத்து இருநூறு கிலோவாக முன்னோக்கிப் பாயும். அதை எந்தத் தகப்பனின் கையும் தடுக்காது. 48 கிலோமீற்றர் என்பது காங்கேசன்துறை வீதியில் எந்த வானும் ஓடும் சாதாரண வேகம்.

பிள்ளை முன்னோக்கியே அமர வேண்டும். பக்கவாட்டில் அமர்த்தக் கூடாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டிகளால் நாற்காலியைத் தளத்தோடு பிணைக்க வேண்டும். பின்பட்டிகள் தளத்தோடு 30 முதல் 45 பாகை வரையும், முன்பட்டிகள் 40 முதல் 60 பாகை வரையும் சரிந்திருப்பது முறை. பின்வளையங்கள் நாற்காலிச் சட்டத்துக்கு நேரே இருக்கட்டும்; முன்வளையங்கள் நாற்காலியைவிடச் சற்று அகலமாக அமைந்தால் பக்க ஆட்டம் குறையும். பட்டியைச் சட்டத்தின் கெட்டியான மூட்டுப் பகுதியில் மட்டும் கொளுவுங்கள். சக்கரத்திலோ, கைத்தாங்கியிலோ, கால்மிதியிலோ, கழற்றக்கூடிய வேறு எதிலுமோ கொளுவ வேண்டாம். பட்டித் தொகுதிக்குரிய தரம் ஐ.எஸ்.ஓ. 10542. அந்த எண் பொறித்த சீட்டு பட்டியில் தைக்கப்பட்டிருக்கும். பொருள்களைக் கட்டும் ராட்செட் பட்டி கயிற்றைவிட மேல் என்றாலும், அதற்கு ஈடாகாது.

வளையங்களைப் பொருத்தும் வேலையில்தான் நாங்கள் ஏமாந்தோம். முதலில் போன பட்டறையில், தளத்தின் மெல்லிய தகட்டில் துளையிட்டு, சிறிய வொஷரோடு நேராக இறுக்கித் தந்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்தது. மகனை ஏற்றும் முன்னர், நாற்காலியில் இரண்டு அரிசி மூடைகளை வைத்துக் கட்டி, ஆளில்லாத வீதியில் ஓட்டிச் சில தடவை சடுதியாகப் பிரேக் பிடித்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்து பட்டிகளைக் கழற்றியபோது, பின்வளையங்களைச் சுற்றியிருந்த தகடு மேல்நோக்கி வளைந்து எழும்பியிருந்தது. வெறும் பிரேக்குக்கே இந்த நிலை. எல்லாவற்றையும் கழற்றி, வேறு ஒருவரிடம் முதலிலிருந்து செய்வித்தோம்.

அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: வானின் பழைய இருக்கைகளும் இருக்கைப் பட்டிகளும் இறுக்கப்பட்டிருந்த இடங்களே தளத்தில் வலுவானவை; அவற்றைப் பயன்படுத்தும்படி நாற்காலியின் இடத்தைத் திட்டமிடுங்கள். புதிய துளை வேண்டுமென்றால், தளத்துக்குக் கீழே தடித்த உருக்குத் தகடு ஒன்றை வைத்து, தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறிக்கப்பட்ட திருகாணிகளால் ஊடுருவ இறுக்கச் சொல்லுங்கள். துளையிடும் முன் வானுக்கடியில் படுத்து, எண்ணெய்த் தாங்கியும் பிரேக் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துச் சோக்கால் குறிக்கச் செய்யுங்கள். பட்டறைக்காரர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நாற்காலியைக் கட்டியது பிள்ளையைக் கட்டியதாகாது. பிள்ளைக்கென்று தனியாக இடுப்புப் பட்டியும் தோள்பட்டியும், வானின் உடலோடு பிணைந்தவையாக, இருக்க வேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றின்மேல் அல்லாமல் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், கைத்தாங்கிக்கு உள்ளே, எலும்போடு ஒட்டிச் செல்ல வேண்டும். தோள்பட்டி கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் படிய வேண்டும். நாற்காலியிலேயே உள்ள மார்புப் பட்டி, பிள்ளை சரியாமல் அமர்வதற்கு மட்டும் உரியது. உணவுத் தட்டைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். தலைக்கு முன்னால் 65 செ.மீ., பின்னால் 40 செ.மீ. வரை முட்டக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஒட்சிசன் சிலிண்டரோ சளி உறிஞ்சும் கருவியோ கூட வருமானால், அவற்றையும் தனியே கட்டுங்கள்.

பத்திரங்களும் பணமும்

இருக்கைகளைக் கழற்றுவதும் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதும் பதிவுச் சான்றிதழிலுள்ள விபரங்களைப் பாதிக்கும். வேலை தொடங்கும் முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விளக்கமாகக் கேட்டு, செய்யப்போகும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். லீசிங்கில் எடுத்த வானென்றால், கடன் முடியும்வரை முழு உரிமையாளர் லீசிங் கொம்பனிதான்; அதன் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். காப்புறுதிக் கொம்பனிக்கும் மாற்றத்தைப் படங்களோடு அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் விபத்தின் பின்னர் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

பிள்ளையின் பெயர் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடும் வைத்திய அறிக்கையோடும் பதியுங்கள். நாற்காலி, உதவுதொகை, வீட்டுச் சாய்தளம் என்று எந்த உதவி வந்தாலும் அந்தப் பதிவினூடாகவே வரும். அலுவலகங்களில் தயங்கி நிற்க வேண்டியதில்லை: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளை வெளியே போவதற்கு நீங்கள் கேட்பது சலுகையன்று.

முதல் பயணமும் அதற்குப் பின்னரும்

அரிசி மூடைச் சோதனை முடிந்த பின்னர், பிள்ளையை ஏற்றி முற்றத்துக்குள்ளேயே சில நாட்கள் இருக்கப் பழக்குங்கள். என்ஜின் சத்தமும் பட்டியின் இறுக்கமும் சில பிள்ளைகளுக்குப் பயத்தைத் தரும். அருகில் அமர்பவரின் இருக்கை, பிள்ளையின் முகம் தெரியும்படி இருக்கட்டும். வலிப்பு வந்தால் முதலில் வானை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பழகுங்கள், ஓடும் வானில் பட்டியைக் கழற்றாதீர்கள். பட்டியை அறுக்கும் கத்தி ஒன்று சாரதிக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெயிலில் நின்ற வானில் இரும்புக் கொளுவிகள் சுடும். உணர்ச்சி குறைந்த கால்களில் அது கொப்புளத்தை உண்டாக்கியதைக் கண்டிருக்கிறேன். ஏற்றும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கையால் தொட்டுப் பாருங்கள்.

கொழும்புக்கு ஏ9 வீதியால் போவதென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, நாற்காலியைச் சாய்த்தோ உடலை அசைத்தோ படுக்கைப் புண்ணுக்கு இடங்கொடாமல் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் கோயிலைச் சூழவுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். வானை எங்கே நிறுத்துவது, சாய்தளத்தை எங்கே விரிப்பது என்று முதல்நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். கோயில் வீதி மணலில் முன்சிறுசக்கரங்கள் புதையும். நாற்காலியைப் பின்னோக்கிச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் இழுத்துச் செல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பின்னர் மகன் தேரைக் கண்டது அப்படித்தான்.

மாதம் ஒரு தடவை நான்கு வளையங்களின் திருகாணிகளையும் கீழே போய்ப் பாருங்கள். பட்டியில் நூல் பிரிந்திருந்தால் தைக்காமல் மாற்றுங்கள். மோதலில் சிக்கிய பட்டி, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மீண்டும் பயன்படுத்தத் தக்கதல்ல. பிள்ளையின் பிறந்தநாளன்று தட்டுத்தராசிலும் அளவு நாடாவிலும் எடுத்த எண்களைத் திகதியோடு வானின் கதவுக்கு உட்புறம் எழுதி வையுங்கள். சென்ற வருடத்து எண்ணுக்கும் இந்த வருடத்து எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, தோள்பட்டியின் மேற்பிணைப்பை உயர்த்த வேண்டுமா, சாய்தளத்தில் தள்ள இன்னொருவர் வேண்டுமா என்று அன்றே தீர்மானியுங்கள்.